மதுரைல கண்ணாடி கழட்டுற ஆபரேஷனுக்குப் போறீங்களா? போறதுக்கு முன்னாடி இத ஒருவாட்டி படிச்சிருங்க

நான் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைல பவர் பாக்குற வேலைல இருக்கேன். காலேஜ் முடிச்ச புள்ளைங்க, வேலைக்குப் போக ஆரம்பிச்ச பசங்க, கல்யாணம் பேசி முடிச்ச பொண்ணுங்கன்னு வர்றவங்கள்ல பாதிப்பேரு கேக்குறது ஒரே கேள்விதான், "அண்ணே, லேசிக் நல்லதா, ஸ்மைல் நல்லதா, ஐசிஎல்னு ஒன்னு சொல்றாங்களே அது நல்லதா?" இந்தக் கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியாது, எந்த டாக்டராலயும் டெஸ்ட் எடுக்காம சொல்ல முடியாது. எந்த ஆபரேஷன்ங்கறத உங்க கருவிழியோட, அதாவது கார்னியாவோட, அளவுதான் முடிவு பண்ணணும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நல்லா வந்துச்சு, ஃப்ரெண்டு பண்ணான்னு அதே பேர மனசுல வச்சுக்கிட்டுப் போகாதீங்க, அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

மொதல்ல என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கங்க

நம்ம கண்ணு முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் சுமாரா 24 மில்லிமீட்டர் நீளம். அது 1 மில்லிமீட்டர் கூட வளந்துட்டாலே கிட்டத்தட்ட மைனஸ் 3 பவர் வந்துரும், தூரத்துல வர்ற பஸ்ஸோட போர்டு மங்கலாத் தெரியும். வெளிச்சத்த வளைச்சு விழித்திரைல குவிக்கிற வேலைல மூணுல ரெண்டு பங்கு கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்குற கருவிழியோடது. லேசர் ஆபரேஷன் எல்லாமே இந்தக் கருவிழியோட வளைவ மாத்துறதுதான், நீளமா வளந்த கண்ண அது குட்டையாக்காது. இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, மைனஸ் 8 இருந்தவரு ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணாடி இல்லாம நல்லாப் பாத்தாலும் உள்ள இருக்குற கண்ணு அதே நீளமான கண்ணுதான், விழித்திரை மெலிஞ்சு ஓட்டை விழுற ஆபத்து அப்படியே இருக்கும். அதனால வருஷம் ஒருவாட்டி விழித்திரை செக்கப்ப விட்றக்கூடாது. திடீர்னு மின்னல் மாதிரி வெட்டுனாலோ, கருப்புப் புள்ளி நெறைய மெதந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தாப்ல இருந்தாலோ அன்னைக்கே ஓடணும்.

கருவிழியச் செதுக்கப் பயன்படுற எக்ஸைமர்ங்கற புற ஊதா லேசர் விஷயத்துல நம்ம ஊர்க்காரர் ஒருத்தருக்குப் பெரிய பங்கு இருக்கு, இது நெறையப் பேருக்குத் தெரியாது. சென்னைல படிச்ச ரங்கசாமி சீனிவாசன் அமெரிக்கால ஐபிஎம் கம்பெனில ஆராய்ச்சில இருந்தப்ப, 1981ல கூட வேலை பாத்த ரெண்டு பேரோட சேந்து, இந்தப் புற ஊதாக் கதிரு சதைய சுத்தி இருக்குறதக் கருக்காம துல்லியமாச் செதுக்குதுன்னு கண்டுபிடிச்சாரு. விருந்துல மிஞ்சுன வான்கோழித் துண்டுலதான் அந்தச் சோதனை நடந்துச்சு.

யாரு போலாம், யாரு கொஞ்சம் பொறுக்கணும்

வயசு 18 முடிஞ்சிருக்கணும், அதவிட முக்கியம் பவர் கடைசி ஒரு வருஷமா நிலையா இருக்கணும், அரை பவருக்கு மேல மாறியிருக்கக்கூடாது. அதனால பழைய கண்ணாடிச் சீட்டு எல்லாத்தையும் தேடி எடுங்க. தொலைஞ்சுபோச்சுன்னா பழைய கண்ணாடியவே எடுத்துட்டு வாங்க, லென்ஸ்மீட்டர்ல வச்சா பவர் வந்துரும், எந்தக் கண்ணாடிக் கடைலயும் ரெண்டு நிமிஷத்துல பாத்துச் சொல்லிருவாங்க.

கர்ப்பமா இருக்குறவங்க, பால் கொடுக்குறவங்க இப்ப வேண்டாம், அந்தச் சமயத்துல பவரும் ஆடும் கண்ணீர்ப் பசையும் மாறும், அது முடிஞ்சு சில மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம். முடக்குவாதம் மாதிரி உடம்பே உடம்பத் தாக்குற வியாதி இருக்குறவங்க, கட்டுப்படாத சுகர் இருக்குறவங்க, கண்ணுல அக்கி வந்தவங்க கண்டிப்பா டாக்டர்ட்ட சொல்லணும். இன்னொன்னு, முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுறவங்க அதையும் சொல்லுங்க, கண்ண ரொம்ப வறட்டும், அத நிறுத்திச் சில மாசம் ஆனாத்தான் லேசர் பத்திப் பேசவே முடியும். கல்யாணத்துக்கு முன்னாடி பருவுக்கு மாத்திரையும் கண்ணுக்கு லேசரும் ஒரே நேரத்துல திட்டம் போடுறவங்க இதக் கவனிங்க.

கண்ண எப்பப் பாத்தாலும் கசக்குற பழக்கம் உள்ளவங்க, அடிக்கடி சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால வர்ற பவர்) ஏறுறவங்க, இவங்களுக்குக் கெரட்டோகோனஸ்னு ஒரு பிரச்சன இருக்கலாம், அதாவது கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னாடி தள்ளிக்கிட்டு வரும். அது இருக்குறப்ப லேசிக் பண்ணா பார்வை மோசமாயிரும், சும்மா இருந்தத சொறிஞ்சு புண்ணாக்குன கதையாயிரும். அவங்களுக்கு வேற வைத்தியம், சி3ஆர்னு சொல்லுவாங்க, ரிபோஃப்ளேவின் சொட்டு விட்டுப் புற ஊதாக் கதிர் காட்டி கருவிழிய இறுக்குறது. அது கண்ணாடி கழட்டுறதுக்கு இல்ல, நோய் மேல போகாம நிறுத்துறதுக்கு.

அப்புறம் சோம்பேறிக் கண்ணு. சின்ன வயசுல கண்ணாடி போடாம விட்டதால ஒரு கண்ணுல கண்ணாடி போட்டாலும் 6/12 வரைக்கும்தான் (முழுப் பார்வைன்னா 6/6) தெரியுதுன்னா, ஆபரேஷனுக்கு அப்புறமும் பெரும்பாலும் அவ்வளவுதான் தெரியும். நாப்பத ஒட்டி வர்றவங்களுக்கு வேற கணக்கு. தூரப்பார்வைய லேசர்ல சரி பண்ணிட்டாலும் வெள்ளெழுத்து வரத்தான் செய்யும், படிக்கக் கண்ணாடி தேவைப்படும். அதிலயும் மைனஸ் 2, 3 இருக்குறவங்க இப்பக் கண்ணாடியக் கழட்டிட்டு கிட்டத்துல சுகமாப் படிக்கிறாங்க, லேசருக்கு அப்புறம் அந்தச் சௌகரியம் போயிரும்னு யாராச்சும் உக்காந்து சொன்னாத்தான் தெரியும்.

டெஸ்ட்டுக்குப் போற நாள்

கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்க சாஃப்ட் லென்ஸா இருந்தா ஒன்னு ரெண்டு வாரம் முன்னாடியே கழட்டிருங்க, கெட்டியான லென்ஸா இருந்தா மூணு வாரத்துக்கும் மேல. லென்ஸ் கருவிழிய அழுத்தி வச்சிருக்கும், கழட்டுன கையோட டெஸ்ட்டுக்குப் போனா வர்ற அளவு எல்லாமே தப்பு, அந்தத் தப்பு அளவ வச்சு லேசர் அடிச்சா பவரும் தப்பாத்தான் வரும்.

அன்னைக்கு முழு நாளையும் ஒதுக்குங்க. கண்ணு நடுவுல இருக்குற கருப்பு வட்டத்த, அதாவது பாப்பாவ, விரியவைக்கிற சொட்டு விடுவாங்க, நாலஞ்சு மணி நேரத்துக்குக் கிட்டத்துல எழுத்து மங்கும், வெயிலப் பாத்தா கூசும். வண்டிய எடுத்துட்டுப் போகாதீங்க. தேனி, உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஆரப்பாளையத்துல எறங்கி வர்றவங்க, மேலூர்ப் பக்கமிருந்து மாட்டுத்தாவணில எறங்குறவங்க, கூட ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க, ஒரு கூலிங்கிளாஸும் தொப்பியும் பையில போட்டுக்கங்க.

என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்னா, சொட்டு விடுறதுக்கு முன்னாடியும் விட்டதுக்கு அப்புறமும் பவர் பாக்கணும், கருவிழி வரைபடம் எடுக்கணும், அதாவது பென்டாகேம் மாதிரி மெஷின்ல முன்பக்க வளைவு பின்பக்க வளைவு தடிமன் எல்லாம் கலர் கலரா வரும், கண்ணீர் போதுமா சுரக்குதான்னு இமைக்குள்ள சின்னத் தாள் வச்சுப் பாப்பாங்க, இருட்டுல பாப்பா எம்புட்டு விரியுதுன்னு அளப்பாங்க, கண் அழுத்தம், கடைசியா விழித்திரை ஓரம் வரைக்கும். விழித்திரை ஓரத்துல மெலிவோ ஓட்டையோ இருந்தா அதுக்கு மொதல்ல தனியா லேசர் போட்டு அடைச்சுட்டு, ஆறுனதுக்கு அப்புறம்தான் மத்தது. இதுல எதையாச்சும் விட்டுட்டு "நாளைக்கே வாங்க பண்ணிரலாம்"னு ஒரு எடத்துல சொன்னா எழுந்து வந்துருங்க. நெசமாத்தான் சொல்றேன், அந்த எடத்துல அட்வான்ஸ் கட்டாதீங்க.

கணக்கு ஒன்னு போட்டுப் பாப்போம்

கருவிழியோட தடிமன் சராசரியா 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. லேசிக்ல மேல ஒரு மெல்லிய மூடி வெட்டுவாங்க, அது 100லேர்ந்து 120 மைக்ரான். அப்புறம் ஒவ்வொரு பவருக்கும் சுமாரா 12லேர்ந்து 15 மைக்ரான் லேசர் செதுக்கும். எல்லாம் போக அடியில குறைஞ்சது 250 மிச்சம் இருக்கணும், நெறைய டாக்டருங்க 300 இருந்தாத்தான் சம்மதிப்பாங்க.

உதாரணமா ஒரு பொண்ணு, மைனஸ் 9, கருவிழி 490ன்னு வச்சுக்கங்க. மூடிக்கு 110 போச்சு. ஒன்பது பவருக்கு 14 வச்சாக்கூட 126. மிச்சம் 254. கயித்து மேல நடக்குற கணக்கு இது, நாளப்பின்ன கருவிழி பலவீனமாகிப் பிதுங்குற ஆபத்து இருக்கு. அந்தப் பொண்ணோட அம்மா, "எங்க அண்ணன் மகளுக்கு லேசிக்ல நல்லா வந்துச்சே தம்பி"ன்னு கேப்பாங்க. அண்ணன் மகளுக்கு மைனஸ் 4, தடிமன் 540ன்னா, 540ல 110ம் 56ம் போக 374 மிச்சம். அவங்களுக்கு லேசிக் தாராளமாச் சரி. ரெண்டு பேரும் ஒரே குடும்பமா இருக்கலாம், ஆபரேஷன் ஒன்னா இருக்க முடியாது. உங்க ரிப்போர்ட்டக் கைல வாங்கி இந்த மூணு நம்பரையும் கேளுங்க: தடிமன் எம்புட்டு, எம்புட்டு எடுப்பீங்க, மிச்சம் எம்புட்டு. பதில் சொல்லத் தயங்காத டாக்டரு நல்ல டாக்டரு.

இப்ப ஒவ்வொன்னாப் பாப்போம்

பிஆர்கே, இதுதான் பழசு. மூடி எதுவும் வெட்ட மாட்டாங்க, மேல் தோல மட்டும் நீக்கிட்டு லேசர் அடிப்பாங்க, தோலு திரும்ப வளர்ற வரைக்கும் நாலஞ்சு நாளு கட்டு மாதிரி ஒரு கான்டாக்ட் லென்ஸ் போட்டுவிடுவாங்க. மொத மூணு நாளு நல்லா வலிக்கும், எரியும், கண்ணுல தண்ணி ஊத்தும், அத மறைக்க வேண்டியதில்ல. பார்வை தெளியச் சில வாரம் ஆகும், வெயில்ல கூலிங்கிளாஸ் இல்லாமப் போகக்கூடாது. ஆனா கருவிழி கொஞ்சம் மெலிசா இருக்குறவங்களுக்கும், கபடி ஆடுறவங்க, குத்துச்சண்டை போடுறவங்க, மாடு பிடிக்கிறவங்க மாதிரி மூஞ்சில அடி விழ வாய்ப்பு உள்ளவங்களுக்கும் எனக்குத் தெரிஞ்சு இதுதான் பொருத்தம், ஏன்னா நகர்றதுக்கு அங்க மூடியே இல்ல. நம்ம ஊருப்பக்கம் கபடி ஆடாத கிராமம் எது? வலிக்குப் பயந்து இத ஒதுக்கிறாதீங்க.

லேசிக் தெரிஞ்சதுதான். மூடிய பிளேடுல வெட்டுறதும் உண்டு, ஃபெம்டோ லேசர்ல வெட்டுறதும் உண்டு, பின்னது விலை கூட, மூடியோட தடிமன் சீரா வரும். மறுநாளே நல்லாத் தெரியும், அதுதான் இதோட பெரிய லாபம். கண்ணு வறண்டு உறுத்துறது சில மாசம் இருக்கும், ராத்திரி எதிர்ல வர்ற லைட்டச் சுத்தி வளையம் தெரியும், பெரும்பாலானவங்களுக்குக் கொஞ்சங்கொஞ்சமாக் குறையும். பாப்பா ரொம்பப் பெருசா விரியிறவங்க, ராத்திரி லாரி பஸ் ஓட்டுறவங்க இத முன்னாடியே டாக்டர்ட்ட பேசிருங்க.

ஸ்மைல்ல மூடி கெடையாது. கருவிழிக்குள்ளயே லேசர் ஒரு மெல்லிய வில்லையச் செதுக்கும், ஓரமா 2லேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு ஒரு சின்ன வெட்டுப் போட்டு அத டாக்டரு வெளிய உருவிருவாரு. வறட்சி லேசிக்கவிடக் கொஞ்சம் கம்மி. ஆனா பெரும்பாலும் இது மைனஸ் பவருக்கும் அதோட வர்ற சிலிண்டருக்கும்தான், ப்ளஸ் பவருக்குப் பொதுவா இல்ல, பின்னாடி கொஞ்சம் பவர் மிச்சமிருந்து திரும்பத் தொடணும்னா பெரும்பாலும் பிஆர்கே பக்கம்தான் போகணும். புதுசு, விலை கூட, அதனால எல்லாருக்கும் ஒசத்தின்னு நெனைக்காதீங்க.

ஐசிஎல்ல கருவிழிய செதுக்கவே மாட்டாங்க. கொலாமர்ங்கற மெல்லிய லென்ஸ மடிச்சு, சின்ன வெட்டு வழியா உள்ள அனுப்பி, கண்ணோட கலர்ப் பகுதிக்குப் பின்னாடி, நம்ம சொந்த லென்ஸுக்கு முன்னாடி உக்கார வைப்பாங்க. மேல சொன்ன மைனஸ் 9 பொண்ணு மாதிரி ஆட்களுக்கு இதுதான் வழி. தேவைப்பட்டா வெளிய எடுத்துரலாம். ஆனா கண்ணுக்குள்ள முன்னறைல (கருவிழிக்கும் நம்ம சொந்த லென்ஸுக்கும் நடுவுல இருக்குற எடம்) போதுமான ஆழம் வேணும், சுமாரா 2.8 மில்லிமீட்டராச்சும், இது கண்ணுக்குள்ள போற ஆபரேஷன்ங்கறதால தொற்று, அழுத்தம் ஏறுறது, லென்ஸ் அளவு சரியில்லாட்டி கண்புரை வர்றதுன்னு தனி ஆபத்து உண்டு. வருஷா வருஷம் செக்கப் கண்டிப்பா. ரெண்டு கண்ணுக்கும் சேத்து லட்சத்தத் தாண்டும், மனசத் தயார் பண்ணிக்கங்க.

காசும் வேலையும்

ரேட்டு கேக்கும்போது ஒரு கண்ணுக்கா ரெண்டுக்குமா, டெஸ்ட்டு சொட்டு மருந்து அடுத்தடுத்த செக்கப் எல்லாம் அதுல அடங்குமா, பவர் மிச்சமிருந்தா திரும்பப் பண்றதுக்குத் தனிக் காசான்னு எழுதி வாங்குங்க. மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்குறவங்க பாலிசியப் பிரிச்சுப் பாருங்க, 7.5 பவருக்குக் கீழ இருந்தா கண்ணாடிப் பவர் ஆபரேஷனுக்குப் பணம் கெடையாதுங்கறது இந்தியால பெரும்பாலான கம்பெனிங்க போடுற பொதுவான விதிவிலக்கு. 7.5ம் அதுக்கு மேலயும் இருக்குறவங்க கேட்டுப் பாக்காம விடாதீங்க, காத்திருப்புக் காலம் எதுவும் இருக்கான்னும் கேளுங்க.

அரசு வேலைக்குப் படிக்கிற பசங்க, தயவு செஞ்சு இதக் கேளுங்க. போலீஸ், ராணுவம், ரயில்வே எல்லாத்துக்கும் பார்வைக்குத் தனித்தனி விதி. ரயில்வேல அசிஸ்டென்ட் லோகோ பைலட் வேலைக்கு லேசிக் பண்ணவங்கள எடுக்க மாட்டாங்க. வேலைக்காக ஆபரேஷன் பண்ணி, அந்த ஆபரேஷனாலேயே வேலை போச்சுன்னு நிக்கிறது கொடுமை. நோட்டிஃபிகேஷன்ல மெடிக்கல் பக்கத்த வரிவரியாப் படிச்சுட்டு அப்புறம் முடிவெடுங்க.

தேதி பாக்கும்போது

இது மதுரைக்காரங்களுக்குன்னே சொல்றேன். சித்திரைத் திருவிழாவுக்கு ஒட்டிப் பண்ணாதீங்க. அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்குக் கூட்டத்துல தண்ணி பீச்சுவாங்க, எந்தப் பக்கமிருந்து மூஞ்சில அடிக்கும்னே தெரியாது, ஆறாத கருவிழில அந்தத் தண்ணி படவே கூடாது. பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்னு போறவங்க, வாடிவாசல் புழுதி கண்ணுல விழும், அந்த மாசத்த விட்டுட்டு வேற பாருங்க. கல்யாணம்னா குறைஞ்சது ரெண்டு மூணு மாசம் முன்னாடி முடிச்சிருங்க, மை, மஸ்காரா, நலங்கு, அட்சதை எல்லாத்துக்கும் கண்ணு தயாராயிருக்கணும்.

ஆபரேஷன் அன்னைக்கு

தலைக்குக் குளிச்சு, சென்ட்டு மேக்கப் எதுவும் இல்லாமப் போங்க. ஊசி கெடையாது, சொட்டு மருந்துலயே மரத்துரும். லேசர்ல ரெண்டு கண்ணும் சேத்தே கொஞ்ச நேரந்தான். இமை மூடாம இருக்க ஒரு கிளிப் வைப்பாங்க, அப்புறம் ஒரு வளையம் கண்ண அழுத்திப் புடிக்கும், அந்தச் சில நொடி பார்வை இருட்டும், பயந்து தலையத் திருப்பிறக்கூடாது. முடி கருகுன மாதிரி ஒரு வாடை வரும், அது லேசரோட வேலை, கண்ணு எரியுதுன்னு பதறாதீங்க. டாக்டரு சொல்ற லைட்டையே பாத்துக்கிட்டு மூச்ச மெதுவா விட்டாப் போதும்.

வீட்டுக்கு வந்த பெறகு

கண்ணக் கசக்கவே கூடாது, தூங்கும்போது அவங்க கொடுக்குற கண் மறைப்ப ஒட்டிக்கிட்டுத்தான் படுக்கணும். ஒரு வாரத்துக்கு மூஞ்சில தண்ணி அடிக்காம ஈரத்துணில தொடைங்க, தலைக்கு ஊத்தணும்னா பின்னாடி சாஞ்சு வேற ஆள ஊத்தச் சொல்லுங்க. கெணத்துல குதிக்கிறது, நீச்சல் எல்லாம் ஒரு மாசத்துக்கு இல்ல. கோயில்ல யாராச்சும் திருநீறு ஊதிவிட வந்தா வேணாம்னு தள்ளி நில்லுங்க, சாமி ஒன்னும் கோவிச்சுக்காது. வண்டில போனா பவரில்லாத கண்ணாடி போட்டுக்கங்க.

வீட்டுப் பெரியவங்க பாசத்துல தாய்ப்பால் விடு, வெளக்கெண்ணெ விடு, நந்தியாவட்டைப் பூவ ஒத்துன்னு சொல்லுவாங்க. ஆத்தா, இது வெட்டுப்பட்ட கண்ணு, வேற எதுவும் உள்ள போனா சீழ் வச்சிரும்னு பொறுமையாச் சொல்லிப் புரிய வைங்க.

டாக்டரு எழுதிக் கொடுக்குற சொட்டுல ஸ்டீராய்டு ஒன்னு இருக்கும். அத எத்தன நாளுன்னு சொன்னாங்களோ அத்தன நாளுதான். "விட்டா கண்ணு குளுகுளுன்னு இருக்கு"ன்னு மெடிக்கல்ல அதே பாட்டில வாங்கி மாசக்கணக்கா விடுற ஆளுகளப் பாக்கும்போது எனக்கு வயித்தக் கலக்கும், அது கண் அழுத்தத்த ஏத்தி நரம்பையே கெடுத்துரும், போன பார்வை திரும்பாது. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு வேற, அத டாக்டர்ட்ட கேட்டுட்டு விட்டுக்கலாம். வலி கூடுனா, செவந்தா, பார்வை திடீர்னு மங்குனா அடுத்த செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் போங்க.

அப்பா அம்மாவுக்குன்னு கேக்குறவங்களுக்கு

அம்பது அறுபது வயசுல மங்குறதுக்கு லேசர் பதிலில்ல, அது பெரும்பாலும் கண்புரை. கலங்குன லென்ஸ எடுத்துட்டு செயற்கை லென்ஸ் வைக்கிறது. இந்த விஷயத்துல மதுரைய மாதிரி ஊரு உலகத்துல கம்மி. அரசாங்க வேலைலருந்து ஓய்வு பெத்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976ல 11 படுக்கையோட இங்கதான் அரவிந்த் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சாரு. வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலைல இருந்தப்ப 1992ல ஆரோலேப் தொடங்கி இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. ஊர்ல கண் முகாம் வந்தா கூட்டிட்டுப் போங்க, காசில்லன்னு பெரியவங்க இருட்டுல உக்காந்திருக்க வேண்டிய அவசியம் இந்த ஊர்ல இல்ல. சுகர் இருந்தா மொதல்ல விழித்திரையப் பாக்கச் சொல்லுங்க. தூரம் கிட்டம் ரெண்டுக்கும் சேத்த மல்டிஃபோக்கல் லென்ஸ் கேட்டா, ராத்திரி வெளிச்ச வளையம் வரும்னு தெரிஞ்சுக்கிட்டுக் கேளுங்க.

ஃபைல பத்திரமா வைங்க

லேசர் பண்ணவங்களுக்கும் வயசானா கண்புரை வரும். அப்ப உள்ள வைக்கிற லென்ஸோட பவரக் கருவிழி வளைவ வச்சுத்தான் கணக்குப் போடுவாங்க, செதுக்குன கருவிழில வழக்கமான கணக்கு தப்பும். ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்த பவர், வளைவு, தடிமன் இதெல்லாம் கைல இருந்தா அன்னைக்கு டாக்டருக்குப் பெரிய உதவி. கண் அழுத்தமும் அப்படித்தான், மெலிஞ்ச கருவிழில மெஷின் கம்மியாக் காட்டும், உள்ள கூடுதலா இருந்தாலும் தெரியாமப் போயிரும், அதனால எந்த ஊர்ல எந்த டாக்டர்ட்ட போனாலும் வாயத் திறந்து "எனக்கு லேசர் பண்ணிருக்கு"ன்னு மொதல்லயே சொல்லிருங்க. ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து உங்க மெயிலுக்கே ஒன்னு அனுப்பி வைங்க, அசல பீரோல பத்திரத்தோட சேத்து வைங்க, ஐசிஎல் வச்சவங்க அந்த லென்ஸ் நம்பர் போட்ட கார்டையும் அதோடயே வைங்க.